எழுத்திலிருந்து எண்ணுக்கு: ரஸ்ட்டில் வேகமாக வாசிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் வார இறுதிகளில் நடக்கும் எங்கள் ரஸ்ட் நிரல்மொழி வகுப்புக்கு உயர்தரம் எழுதி முடித்த பிள்ளைகள் வருகிறார்கள். அறிவியல் நகரில் பொறியியல் படிப்பவர்களும், வவுனியாவிலிருந்து பஸ் ஏறி வரும் சிலரும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பயிற்சிக் கோப்புத்தான். குளங்களின் மழைப் பதிவையும் நீர்மட்டத்தையும் போல நாங்களே உருவாக்கியது. அதில் ஒரு வரி இப்படி இருக்கும்:

1,20251108,42.6,29-06

முதலில் குளத்தின் இலக்கம்: இரணைமடுவுக்கு 1, அக்கராயனுக்கு 2, முத்தையன்கட்டுக்கு 3, வவுனிக்குளத்துக்கு 4 என்று நாங்கள் வைத்துக்கொண்டது. அடுத்தது திகதி. பிறகு மழை, மில்லிமீற்றரில். கடைசியில் நீர்மட்டம், 29 அடி 6 அங்குலம். குளத்து நீர்மட்டத்தை இங்கே அடியிலும் அங்குலத்திலும்தானே சொல்கிறோம். இவற்றை எழுத்திலிருந்து எண்ணாக மாற்றும் இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இந்தப் பக்கத்தில் சேர்த்திருக்கிறேன்.

ஒரு வரியில் முடிகிற வேலை இது. இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?

நான்கு குளத்துக்கு நாளுக்கு ஒரு வரி எழுதினால், பத்து வருடத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 14,600 வரிதான் வரும். அதற்கு, எழுத்தை எண்ணாக்கும் ரஸ்ட்டின் வழக்கமான 'பார்ஸ்' தாராளமாகப் போதும். இந்தப் பக்கத்தை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

அந்த இடத்தில் சென்சர் வைத்தால் கதை வேறு. பத்துக் குளம், நிமிடத்துக்கு ஒரு வரி என்றால் வருடத்துக்கு 52,56,000 வரி. வரிக்கு நான்கு மதிப்பு என்றால் 2.1 கோடி எண்கள். அப்போதும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு எண்ணுக்கு 10 சுழற்சி (செயலியின் கடிகாரத் துடிப்பு) மிச்சம் பிடித்தால் மொத்தம் 21 கோடி சுழற்சி. 2 கிகாஹெர்ட்ஸ் செயலி ஒரு வினாடியில் 200 கோடி சுழற்சி ஓடும். ஆக மிச்சமாவது வினாடியில் பத்தில் ஒரு பங்கு. வருடத்துக்கு ஒரு தடவை ஓடும் புரோகிராமுக்கு அது ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் கோப்பு முழுவதையும் திரும்ப வாசிக்கும் சேவைக்கு அது பெரிய விஷயம். உங்களுடையது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

பைட் மட்டத்தில் உண்மையில் என்ன நடக்கிறது?

கோப்பில் '7' என்று நீங்கள் பார்ப்பது 7 அல்ல, 55 என்ற பைட். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் '0' என்பது 48, '9' என்பது 57. இடையில் உள்ளவை வரிசையாக வரும். ஆகவே 48ஐக் கழித்தால் இலக்கம் கிடைக்கும். அடிப்படை லூப் இவ்வளவுதான்:

விடை = 0
ஒவ்வொரு பைட்டுக்கும்:
  இ = பைட் − 48
  இ > 9 என்றால் பிழை
  விடை = விடை × 10 + இ

'48ஐ விடக் குறைவா, 57ஐ விடக் கூடவா என்று இரண்டு தடவை பார்க்க வேண்டாமா?' என்று எப்போதும் ஒருவர் கேட்பார். வேண்டாம். குறியில்லாத 8 பிட் எண்ணில் சுற்றிவரும் கழித்தலை (0க்குக் கீழே போனால் 255இலிருந்து தொடர்வது) பயன்படுத்தினால், 48ஐ விடச் சின்ன பைட்டுகள் எல்லாம் 255ஐ ஒட்டிய பெரிய எண்ணாக மாறிவிடும். உதாரணத்துக்குக் கமா 44. 44இலிருந்து 48ஐக் கழித்தால் 252. அது 9ஐ விடப் பெரியது, பிடிபட்டுவிடும். இரண்டு பக்கத்தையும் ஒரே ஒப்பீடு காவல் காக்கிறது.

பத்தால் பெருக்குவதைப் பற்றியும் கவலை வேண்டாம். நான்கு மடங்கோடு ஒரு மடங்கைக் கூட்டி, வந்ததை இரட்டித்தால் பத்து மடங்கு. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே அப்படி மாற்றிக்கொள்ளும். இந்த லூப்பில் மெதுவான விஷயம் வேறு: ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றின் விடைக்காகக் காத்திருக்கிறது. எட்டு இலக்கம் என்றால் எட்டுத் தடவை வரிசையில் நிற்க வேண்டும். இன்னொன்று, எண்ணின் நீளம் வரிக்கு வரி மாறினால் லூப் எப்போது முடியும் என்ற செயலியின் ஊகம் அடிக்கடி பிழைக்கும். ஒரு தடவை பிழைத்தால் 15, 20 சுழற்சி போய்விடும். அது பல இலக்கங்களைப் படித்து முடிக்கும் நேரம்.

ரஸ்ட்டின் பார்ஸ் மெதுவானதா?

இல்லை. அது கவனமானது. ஒன்றுமே இல்லாத வெற்று உள்ளீடு, இலக்கம் அல்லாத எழுத்து, மேல் எல்லையைத் தாண்டியது, கீழ் எல்லையைத் தாண்டியது என்று பிழைகளைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லும். முன்னால் '+' இருந்தால் ஏற்கும். இடைவெளியையோ அடிக்கோட்டையோ ஏற்காது. (ரஸ்ட் மூலநிரலுக்குள் 1_000 என்று எழுதலாம், ஆனால் கோப்பிலிருந்து வரும் "1_000" பிழைதான். ஸிக் மொழியின் நூலகம் இலக்கங்களுக்கு நடுவே வரும் அடிக்கோட்டை விட்டுக்கொடுக்கும். மொழி மாறினால் இதையும் பாருங்கள்.)

அதற்குள் ஒரு நல்ல தந்திரமும் இருக்கிறது. எண் நிரம்பி வழிய வாய்ப்பே இல்லாத அளவுக்குக் குட்டையாக இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் வழிகிறதா என்று பார்ப்பதை அது விட்டுவிடும். யு32 (குறியில்லாத 32 பிட் எண்) என்றால் 8 இலக்கம் வரை, யு64 (குறியில்லாத 64 பிட் எண்) என்றால் 16 இலக்கம் வரை இந்தக் குறுக்கு வழி கிடைக்கும். எங்கள் கோப்பில் உள்ள எல்லா எண்ணும் அதற்குள் அடங்குபவைதான்.

சி மொழியில் எழுத்தை எண்ணாக்க அடோய் (atoi) இருக்கிறதே, அதை அழைத்தால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். அடோய் பிழையைச் சொல்லவே சொல்லாது. இலக்கம் இல்லாத எழுத்தைக் கொடுத்தால் 0 தரும். எங்கள் கோப்பில் 0 என்பது 'மழை பெய்யவில்லை' என்ற உண்மையான தகவல். கார்த்திகை மாதத்தில் யாரோ தட்டச்சில் பிழை விட்ட நாளெல்லாம் மழையில்லாத நாளாகப் பதிவாகிவிடும், யாருக்கும் தெரியாது. எல்லையைத் தாண்டிய எண்ணுக்கு என்ன நடக்கும் என்று சி தரநிலை உத்தரவாதமே தரவில்லை.

அதே வேலையைச் செய்யும் ஸ்டர்டோல் (strtol) பரவாயில்லை. எல்லை தாண்டினால் பெருமதிப்பைத் தந்து பிழைக்குறியையும் வைக்கும். ஆனால் அது முன்னிடைவெளியைத் தாண்டிப் போகும், அடிமானத்தை 0 என்று கொடுத்தால் 0இல் தொடங்கும் எண்ணை எட்டின் அடிமானமாக எடுக்கும். "010" அப்போது 8 ஆகும். "08" என்ற மாதம் 0 ஆகிவிடும், ஏனென்றால் எட்டின் அடிமானத்தில் 8 என்ற இலக்கம் கிடையாது. அதன் குறியில்லாத உடன்பிறப்பு "-1" ஐக்கூட முகம் சுளிக்காமல் வாங்கி, மிகப் பெரிய எண்ணாக மாற்றித் தரும்.

சி++ எழுதுகிறவர்களுக்கு 2017 தரநிலையில் வந்த 'ஃப்ரம் சார்ஸ்' இருக்கிறது. நாட்டு மொழி அமைப்பைப் பார்க்காது, இடைவெளியைத் தாண்டாது, நினைவகம் கேட்காது, பிழையைத் தெளிவாகச் சொல்லும். அதைப் பயன்படுத்துங்கள்.

நான் லூப்பை எவ்வளவு திருத்தினாலும் வேகம் மாறவில்லையே?

அப்படியென்றால் நேரம் அங்கே போகவில்லை. வகுப்பில் மெதுவாக ஓடுகிற புரோகிராம்களை நாங்கள் திறந்து பார்க்கும் ஒழுங்கு இது.

முதலில், டிபக் பில்டை (பிழை தேடுவதற்கான, வேகப்படுத்தாத வடிவத்தை) ஓட்டுகிறீர்களா? ரஸ்ட்டின் பில்ட் கருவியான கார்கோவுக்கு ரிலீஸ் என்று சொல்லாமல் அளந்த எந்த எண்ணையும் நம்பாதீர்கள்.

இரண்டாவது, வரிக்கு ஒரு புது ஸ்ட்ரிங் உருவாகிறதா? 'லைன்ஸ்' என்று சுற்றினால் ஒவ்வொரு வரிக்கும் நினைவகம் கேட்டு, நகல் எடுத்து, எழுத்துக் குறிமுறையான யுடிஎஃப்-8 சரியா என்று சோதித்து, பிறகு அதைத் தூக்கி எறிகிறீர்கள். 52 இலட்சம் வரிக்கும் அதுதான். ஒரே பஃபரை வைத்துத் திரும்பத் திரும்ப நிரப்புங்கள், அல்லது கோப்பு முழுவதையும் ஒரு பைட் வரிசையாக ஒரே தடவையில் ஏற்றிவிடுங்கள். எங்கள் வரி ஏறத்தாழ 22 பைட். 52 இலட்சம் வரி 120 மெகாபைட் கூட வராது, 4 கிகாபைட் நினைவகம் உள்ள பழைய லப்டொப்பும் தாங்கும்.

மூன்றாவது, கமாவில் பிரித்து அதை ஒரு வெக்டரில் சேகரிக்கிறீர்களா? அது இன்னொரு நினைவகக் கோரிக்கை. சேகரிக்காமல் ஒவ்வொன்றாக எடுங்கள்.

நான்காவது, பைட்டுகளாகவே இருங்கள். இலக்கத்தைப் படிக்க ஸ்ட்ரிங் தேவையில்லை. பைட் வரிசையிலேயே கமாவையும் வரிமுடிவையும் தேடலாம், யுடிஎஃப்-8 சோதனையும் மிச்சம்.

இந்த நான்கையும் செய்த பிறகு பெரும்பாலானவர்களுக்கு அடுத்த கேள்வியே தேவைப்படுவதில்லை. அதில் ஏமாற்றம் அடைய ஒன்றும் இல்லை, வேலை முடிந்துவிட்டது.

எட்டு இலக்கத்தை ஒரே தடவையில் படிக்கலாம் என்கிறார்களே, எப்படி?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. எங்கள் கோப்பின் திகதிக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற முறை, ஏனென்றால் திகதி எப்போதும் சரியாக எட்டு இலக்கம். எட்டுப் பைட் என்றால் ஒரு 64 பிட் எண். லூப்பில் எட்டுத் தடவை காத்திருப்பதற்குப் பதிலாக, எட்டு இலக்கத்தையும் ஒரே பெட்டிக்குள் வைத்துக்கொண்டு மூன்று பெருக்கலில் முடிக்கிறோம்.

20251108ஐ எடுங்கள். மனதில் செய்ய வேண்டியது இதுதான்:

2 0 2 5 1 1 0 8
20, 25, 11, 08
2025, 1108
20251108

பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இரண்டிரண்டாகச் சேர்க்கிறோம், அவற்றை நான்கு நான்காக, பிறகு எட்டாக. ஒவ்வொரு படியிலும் எல்லாச் சோடிகளும் ஒரே நேரத்தில் சேர்கின்றன. அதுதான் முழு இரகசியமும்.

இனி அதைப் பெருக்கலால் செய்வோம். எட்டுப் பைட்டையும் சிறுமுனை ஒழுங்கில் 64 பிட் எண்ணாக ஏற்றுங்கள். கோப்பில் முதலில் வரும் '2' இப்போது ஆகக் கீழ்ப் பைட்டில் இருக்கும். ஒவ்வொரு பைட்டிலும் கீழ் நான்கு பிட்டை மட்டும் வைத்துக்கொண்டால் 48 கழன்றுவிடும், ஏனென்றால் 48 முழுவதும் மேல் பிட்டுகளில்தான் இருக்கிறது.

முதல் படி: 2561ஆல் பெருக்கி, 8 பிட் வலப்பக்கம் தள்ளுங்கள். 2561 எங்கிருந்து வந்தது? 10 × 256 + 1. 256ஆல் பெருக்குவது என்றால் ஒரு பைட் மேலே நகர்த்துவது. ஆகவே ஒவ்வொரு பைட்டிலும், அதன் சொந்த இலக்கத்தோடு கீழ்ப் பைட்டில் இருந்த இலக்கத்தின் பத்து மடங்கும் கூடும். முதல் இலக்கம் 2, அடுத்தது 0, சேர்ந்து 20. கூட்டுத்தொகை 99ஐத் தாண்டாது, பைட் 255 வரை தாங்கும், ஆகவே பக்கத்துப் பைட்டுக்குள் ஒன்றும் வழியாது. தள்ளிய பிறகு ஒன்றுவிட்டொரு பைட்டில் நமக்கு வேண்டிய சோடி இருக்கும். மற்றவை குப்பை, பூச்சியமாக்கி மறைத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: 6553601ஆல் பெருக்கி, 16 பிட் தள்ளுங்கள். அது 100 × 65536 + 1. இப்போது 16 பிட் அறைகளில் நான்கு இலக்க எண்கள், அதிகபட்சம் 9999. மறுபடியும் ஒன்றுவிட்டொன்றை மறையுங்கள்.

மூன்றாம் படி: 42949672960001ஆல் பெருக்கி, 32 பிட் தள்ளுங்கள். 10000 × 4294967296 + 1. வந்தது விடை.

ரஸ்ட்டில் ஒரு முக்கியமான விஷயம்: இந்தப் பெருக்கல்களில் மேற்பக்கம் 64 பிட்டைத் தாண்டி வெளியே விழும். அது விழ வேண்டியதுதான். ஆனால் சாதாரணப் பெருக்கல் குறியைப் போட்டால் டிபக் பில்டில் புரோகிராம் அங்கேயே நின்றுவிடும். சுற்றிவரும் பெருக்கலை வெளிப்படையாக எழுதுங்கள்.

ரஸ்ட்டின் பாதுகாப்புச் சோதனைகளைத் தளர்த்தும் 'அன்சேஃப்' எதுவும் தேவையில்லை. எட்டுப் பைட் துண்டை எட்டு உறுப்பு வரிசையாக மாற்றி, சிறுமுனைப் பைட்டுகளிலிருந்து யு64 ஆக்கும் நூலகச் செயற்கூற்றுக்குக் கொடுத்தால், கம்பைலர் அதை ஒரே ஏற்றலாகச் சுருக்கிவிடும்.

அந்த எட்டும் இலக்கம்தானா என்று எப்படித் தெரியும்?

இதைச் சோதிக்காமல் மேலே சொன்ன முறையைப் பயன்படுத்தவே கூடாது. கீழ் நான்கு பிட்டை மட்டும் எடுக்கிறபடியால், 'இலக்கம் போலத் தெரியும்' எந்தக் குப்பையையும் அது எண்ணாக்கித் தரும்.

சோதனையும் எட்டுக்கும் ஒரே நேரத்தில்தான். '0' முதல் '9' வரை 48 முதல் 57. இவற்றின் மேல் நான்கு பிட் எப்போதும் 3. ஆனால் 58 முதல் 63 வரை உள்ள முக்காற்புள்ளி, கேள்விக்குறி போன்றவற்றுக்கும் அது 3தான். ஆகவே இரண்டாவது நிபந்தனை: ஒவ்வொரு பைட்டோடும் 6ஐக் கூட்டினாலும் மேல் நான்கு பிட் 3 ஆகவே இருக்க வேண்டும். 57 + 6 = 63, தப்பியது. 58 + 6 = 64, மேல் பிட்டுகள் 4 ஆகிவிட்டன, பிடிபட்டது. 250க்கு மேற்பட்ட பைட் 6ஐக் கூட்டும்போது பக்கத்துப் பைட்டுக்குள் வழியுமே என்று யோசிப்பீர்கள். வழியும், ஆனால் அந்தப் பைட்டே முதல் நிபந்தனையில் தோற்றுவிடுகிறது. இந்தச் சோதனையைத் தாளில் எழுதிப் பார்க்கச் சொல்லி வகுப்பில் நான் வற்புறுத்துவேன். ஒரு தடவை கையால் செய்தால் பிறகு மறக்காது.

திகதிக்கு இது மட்டும் போதாது, 20251345 கூட எட்டு இலக்கம்தான். மாதமும் நாளும் சரியா என்று பார்ப்பது தனி வேலை.

எட்டை விடக் குறைவான இலக்கம் என்றால்?

நீளம் தெரிந்தால், ஏற்றிய 64 பிட் எண்ணைக் குறைகிற ஒவ்வொரு இலக்கத்துக்கும் 8 பிட் வீதம் இடப்பக்கம் தள்ளுங்கள். சிறுமுனை ஒழுங்கில் கீழே நுழையும் பூச்சியங்கள் எண்ணுக்கு முன்னால் வரும் பூச்சியங்களாகிவிடும். சோதனைக்கு மட்டும் அந்தக் காலிப் பைட்டுகளில் 48ஐப் போட்டு நிரப்ப வேண்டும்.

பஃபரின் கடைசியில் எட்டுப் பைட் மிச்சம் இல்லாமல் போகலாம். பஃபரை உருவாக்கும்போதே பின்னால் எட்டுப் பூச்சியப் பைட் சேர்த்துவிட்டால் அந்தத் தலைவலி இல்லை. ஒன்றிரண்டு இலக்கம் உள்ள எண்ணுக்கு, எங்கள் குள இலக்கம் போல, இதெல்லாம் வீண். சாதாரண லூப்பே விரைவு.

நிரம்பி வழிவதை ஒவ்வொரு சுற்றிலும் பார்க்க வேண்டுமா?

யு32இன் பெருமம் 4294967295, பத்து இலக்கம். ஆக ஒன்பது இலக்க எண் எதுவும் அதற்குள் அடங்கும். யு64க்கு 18446744073709551615, இருபது இலக்கம். 19 இலக்கம் வரை கவலையில்லை. முதலில் நீளத்தைப் பாருங்கள், எல்லையில் நிற்கும் எண்களுக்கு மட்டும் கவனமான பாதையை வையுங்கள். முன்பூச்சியங்களை நீளத்தில் சேர்க்காதீர்கள், "0000000000007" என்பது 7தான்.

மறை எண்கள்?

'-' என்றால் 45. முதல் பைட்டைப் பார்த்துக் குறியை வைத்துக்கொள்ளுங்கள். பொறி ஒன்று உண்டு: ஐ32இன் (குறியுள்ள 32 பிட் எண்ணின்) கீழெல்லை −2147483648, மேலெல்லை 2147483647. முதலில் நேர் எண்ணாகச் சேர்த்து, கடைசியில் குறியை மாற்றினால் அந்தக் கீழெல்லையைப் படிக்கவே முடியாது. மறை எண் என்றால் தொடக்கத்திலிருந்தே கழித்துக்கொண்டு போங்கள். குறி மட்டும் தனியாக வந்தால் பிழை.

மழை 42.6 என்று இருக்கிறதே, அது முழு எண் இல்லையே?

முழு எண்ணாகவே படியுங்கள். எங்கள் கோப்பில் புள்ளிக்குப் பின் எப்போதும் ஒரே இலக்கம் என்பது விதி. புள்ளியைத் தாண்டிப் படித்தால் 426. மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு அலகு. ஒரு மாத மழையைக் கூட்டும்போதும் துல்லியம் போகாது. 0.1ஐ இரும எண்ணில் சரியாக எழுத முடியாது என்பதால், மிதவைப் புள்ளியில் கூட்டினால் கடைசி இலக்கங்கள் மெல்ல விலகும்.

2024 ஜனவரியில் குன்னர் மோர்லிங் ஜாவா மொழிக்காரர்களுக்காக நூறு கோடி வரிப் போட்டி ஒன்றை நடத்தினார். வானிலை நிலையங்களின் வெப்பநிலை, புள்ளிக்குப் பின் ஒரு இலக்கம். வேகமான தீர்வுகள் அந்த எண்களைப் பத்து மடங்கு முழு எண்ணாகத்தான் படித்தன.

இரண்டு இலக்கமோ, புள்ளியே இல்லாமலோ வந்தால் திருப்பி அனுப்புங்கள், ஊகிக்காதீர்கள். உண்மையிலேயே பொதுவான பதின்ம எண்கள் வேண்டுமென்றால் ரஸ்ட்டின் பார்ஸையே நம்பலாம். 2021இல் வந்த 1.55 பதிப்பில், மைக்கேல் ஐசல், டேனியல் லெமிர் ஆகியோரின் முறையைக் கொண்டு அது நன்றாக வேகப்படுத்தப்பட்டது.

நீர்மட்டமும் இப்படித்தான். "29-06" ஐ 29 × 12 + 6 = 354 அங்குலம் என்று வையுங்கள். நடுவில் உள்ள கோடு மறைக்குறி அல்ல என்பதைக் கவனியுங்கள்.

அண்ணா, முதல் வரியில் மட்டும் பிழை வருகிறது. கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

எக்ஸெல்லில் யுடிஎஃப்-8 கோப்பாகச் சேமித்தீர்களா? தொடக்கத்தில் 239, 187, 191 என்ற மூன்று பைட் இருக்கும். திரையில் தெரியாது. அதைத் தாண்டிவிட்டுத் தொடங்குங்கள். ஒவ்வொரு வரியிலும் கடைசி எண் மட்டும் பிழைத்தால், விண்டோஸ் வரிமுடிவு காரணம்: 10க்கு முன்னால் ஒரு 13 ஒளிந்திருக்கும். பைட்டுகளை எண்களாகவே அச்சிட்டுப் பார்த்தால் இந்த இரண்டும் உடனே வெளியே வந்துவிடும்.

போன் நம்பரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எண்ணாக்கலாமா?

வேண்டாம். வவுனியா 024, கிளிநொச்சி 021. எண்ணாக்கினால் முன்னால் உள்ள 0 போய்விடும். பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் பன்னிரண்டு இலக்கம். பன்னிரண்டு இலக்கம் யு32இல் அடங்கவும் மாட்டாது. கூட்டல் கழித்தல் செய்யப்போவதில்லை என்றால் அது எழுத்தாகவே இருக்கட்டும்.

1,234,567 என்றும் 12,34,567 என்றும் கமா போட்டு வந்தால்?

கமாவால் பிரித்த கோப்பில் இது நேரடியான ஆபத்து, ஓர் எண் மூன்றாக உடையும். கமாவை எண்ணுக்குள் அனுமதிக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் தனிக் கட்டத்தில் நீக்கிவிட்டு, பிறகு பார்ஸ் செய்யுங்கள்.

தமிழ் இலக்கங்களை ரஸ்ட் படிக்குமா?

படிக்காது, "௨௫" கொடுத்தால் இலக்கம் அல்லாத எழுத்து என்ற பிழைதான் வரும். பைதன் அதையே 25 என்று எடுக்கும், ஏனென்றால் யுனிகோடில் பதின்ம இலக்கம் என்று குறிக்கப்பட்ட எதையும் அது ஏற்கும்.

நீங்களே எழுதுவது கடினம் அல்ல. ஒவ்வொரு தமிழ் இலக்கமும் யுடிஎஃப்-8இல் மூன்று பைட். முதல் இரண்டு எப்போதும் 224, 175. மூன்றாவது ௦வுக்கு 166, அங்கிருந்து வரிசையாக ஏறி ௯க்கு 175. ஆகவே மூன்று மூன்றாக எடுத்து, மூன்றாவதிலிருந்து 166ஐக் கழித்தால் போதும். பழைய முறையில் எழுதிய "௨௰௫" வேறு விஷயம். அங்கே ௰, ௱, ௲ ஆகியவை பத்து, நூறு, ஆயிரம் என்ற மதிப்புகள், இடமதிப்பு இல்லை. முன்னால் நிற்கும் இலக்கத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். அதற்குத் தனிப் பார்சர் எழுதுங்கள், அருமையான பயிற்சி. பைதன்கூட ௰ வந்தால் பிழை சொல்லும்.

சிம்ட் (ஒரே கட்டளையில் பல மதிப்புகளைக் கையாளும் செயலி வசதி) வரை போக வேண்டுமா?

16 இலக்க எண்கள் நிறைய வந்தால் போகலாம். அதே சோடி சேர்க்கும் எண்ணம்தான், 128 பிட் பதிவேட்டில். லெமிரும் ஜெஃப் லாங்டேலும் செய்த, ஜேசன் வடிவத் தரவை வேகமாக வாசிக்கும் சிம்ட்ஜேசன் திட்டத்தின் நிரல், இந்த வழியில் எவ்வளவு தூரம் போகலாம் என்று காட்டும். எங்கள் கோப்புக்குத் தேவையில்லை.

எப்படி நேர்மையாக அளப்பது?

லப்டொப்பை மின்சாரத்தில் போடுங்கள், பற்றரியில் செயலி தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும். சித்திரை மத்தியான வெக்கையில் தகரக் கூரைக்குக் கீழே அளந்ததை, காலையில் அளந்ததோடு ஒப்பிடாதீர்கள். சூடேறினாலும் செயலி வேகத்தைக் குறைக்கும். கோப்பை முதல் தடவை வாசிப்பது வட்டிலிருந்து, இரண்டாம் தடவை நினைவகத்திலிருந்து. இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள்.

விடையைப் பயன்படுத்தாவிட்டால் கம்பைலர் வேலையையே நீக்கிவிடும். 1.66 பதிப்பிலிருந்து நூலகத்தில் உள்ள 'பிளாக் பாக்ஸ்' செயற்கூற்றுக்குள் விடையைப் போடுங்கள். உள்ளீடும் உண்மையானதாக இருக்க வேண்டும். ஒரே எண்ணை இலட்சம் தடவை படித்தால் செயலியின் ஊகம் எப்போதும் சரியாகி, எந்த முறையும் வேகமாகத்தான் தெரியும்.

என்னிடம் லப்டொப் இல்லை. போனில் செய்யலாமா?

செய்யலாம். அண்ட்ரொய்ட் போனில் டெர்மக்ஸ் என்ற ஆப்பைப் போட்டு, அதற்குள் ரஸ்ட்டை நிறுவலாம். நிறுவும்போது டேட்டா நிறையப் போகும், வகுப்புக்கு வந்து எங்கள் இணைப்பில் இறக்குங்கள். போன் செயலியும் சிறுமுனை ஒழுங்குதான், 2561 முறை ஓர் எழுத்து மாறாமல் அங்கேயும் ஓடும்.

நான் எழுதியது சரியா என்று யார் பார்த்துச் சொல்வது?

கணினியே சொல்லும். எட்டு இலக்க முறைக்கு உள்ளீடுகள் 00000000 முதல் 99999999 வரை பத்துக் கோடிதான். ரிலீஸ் பில்டில் எல்லாவற்றையும் ஓட்டி, சாதாரண லூப்பின் விடையோடு ஒப்பிடுங்கள். பிறகு எட்டு இடத்தில் ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை எல்லாப் பைட்டையும் வைத்து, பத்தை மட்டும் ஏற்று 246ஐத் தள்ளுகிறதா என்று பாருங்கள். பொதுவான பார்சருக்கு வெற்று உள்ளீடு, தனிக் குறி, "12அ", 4294967295, 4294967296, முன்னால் பூச்சியங்கள், பின்னால் ஓர் இடைவெளி ஆகியவற்றைக் கொடுங்கள். ஏதாவது ஒன்றில் பிழைத்தால் அந்த உள்ளீட்டையும் எழுதிக்கொண்டு வகுப்புக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.